மின், குடிநீர் நிறுவனங்களில் ஜி.ஐ.எஸ். மூலம் பணப் பயன் பெறுவது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்போருக்கான வழிகாட்டி

மின்சாரம், குடிநீர், எரிவாயு போன்ற சேவைகளை வழங்கும் நிறுவனங்களின் சொத்தில் பெரும்பகுதி அலுவலகத்துக்கு வெளியே, தெருவோரங்களிலும் மண்ணுக்கடியிலும் பரவிக் கிடக்கிறது. கம்பிகள், மின்மாற்றிகள், குழாய்கள், வால்வுகள், மீட்டர்கள் ஆகியவை எங்கே இருக்கின்றன, எது எதனோடு இணைந்திருக்கிறது, எந்த ஆண்டில் நிறுவப்பட்டது என்பதை ஒரே இடத்தில் பதிந்துவைக்க உதவுவதுதான் ஜி.ஐ.எஸ். எனச் சுருக்கமாக வழங்கப்படும் புவியியல் தகவல் முறைமை. பல நிறுவனங்கள் பெரும் செலவில் இதை நிறுவுகின்றன. ஆனால் சில ஆண்டுகள் கழித்து, இதனால் நிறுவனத்துக்கு என்ன கிடைத்தது என்று நிதிப் பிரிவு கேட்கும்போது, சுவரில் மாட்டிய வரைபடத்தைத் தவிர வேறொன்றையும் காட்ட முடியாத நிலை பல இடங்களில் ஏற்படுகிறது.

இதற்குக் காரணம் பெரும்பாலும் தொழில்நுட்பம் அல்ல. வரைபடத்தைப் பார்த்து யாரோ ஒரு பொறியாளரோ வருவாய் அலுவலரோ முன்பு எடுத்திருக்கக்கூடிய முடிவுக்கு மாறாக வேறொரு முடிவை எடுக்கும்போதுதான் பணம் மிச்சமாகிறது அல்லது வரவாகிறது. ஆகவே எந்த முடிவு மாறப்போகிறது, அதை மாற்றப்போகிறவர் யார், மாறினால் எந்தக் கணக்குத் தலைப்பில் தொகை குறையும் அல்லது கூடும் என்ற மூன்று கேள்விகளுக்கும் மென்பொருள் வாங்குவதற்கு முன்பே விடை எழுதிவைக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த மூன்று கேள்விகளைச் சுற்றியே அமைந்தவை.

முதல் படி: ஒரே ஓர் இழப்பைத் தேர்ந்தெடுத்தல்

நிறுவனத்திலிருந்து பணம் கசியும் இடங்களைப் பட்டியலிடுங்கள். கட்டணம் விதிக்கப்படாத மின்சாரமும் நீரும், பழுதைத் தேடி வீணாகும் களப் பயணங்கள், பிறர் தோண்டும்போது சேதமாகும் கேபிள்கள், தேவைக்கு முன்பே மாற்றப்படும் குழாய்கள், மின்தடைக்காகச் செலுத்த நேரும் அபராதங்கள் எனப் பட்டியல் நீளும். அவற்றுள் தொகையில் பெரியதாகவும், இருப்பிடத் தகவல் இல்லாததே முக்கியக் காரணமாகவும் உள்ள ஒன்றை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கட்டண நிலுவை மிகப் பெரிய தொகையாக இருக்கலாம். ஆனால் அதற்குக் காரணம் வசூலிக்கும் துணிவு நிர்வாகத்திடம் இல்லாததுதான் என்றால், எத்தனை துல்லியமான வரைபடமும் அதைத் தீர்க்காது.

தேர்ந்தெடுத்த இழப்பின் இன்றைய அளவை, திட்டம் தொடங்குவதற்கு முன்பே, நிதிப் பிரிவின் அலுவலர் ஒருவரோடு சேர்ந்து கணக்கிட்டு, அவரிடம் கையொப்பம் பெற்றுவிடுங்கள். இந்தத் தொடக்க அளவு இல்லாவிட்டால் பின்னால் நீங்கள் சொல்லும் எந்தச் சேமிப்பையும் யாரும் ஏற்கப்போவதில்லை. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு நுகர்வோருக்கு ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை நிமிடம் மின்தடை ஏற்பட்டது என்பதைக் காட்டும் சைடி என்ற குறியீடு, எந்தச் சுவிட்சுக்குப் பின்னால் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதைச் சார்ந்தது. அந்த எண்ணிக்கை முன்பு குத்துமதிப்பாக இருந்து, ஜி.ஐ.எஸ். வந்தபின் துல்லியமாகும்போது, சேவை மோசமாகாமலேயே குறியீடு மோசமானதுபோல் தோன்றக்கூடும். தொடக்க அளவு எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பதை எழுதிவைத்திருந்தால் இந்தக் குழப்பத்தை எளிதில் விளக்கலாம்.

இரண்டாம் படி: தேவையான தரவை மட்டும் திரட்டுதல்

பெரும்பாலான ஜி.ஐ.எஸ். திட்டங்களில் மென்பொருளைவிடத் தரவைத் திரட்டவும் சரிபார்க்கவும் ஆகும் செலவே அதிகம். ஒவ்வொரு கம்பத்தையும் அதன் உயரம், நிறம், சாய்வு உட்படப் பதிவு செய்யத் தொடங்கினால் பணமும் ஆர்வமும் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். முதல் படியில் தேர்ந்தெடுத்த முடிவுக்கு எந்தத் தகவல் தேவையோ அதை மட்டும் திரட்டுங்கள். கசிவைக் குறைப்பதே நோக்கம் என்றால் குழாயின் பொருள், விட்டம், நிறுவிய ஆண்டு, பழுது வரலாறு, வால்வின் இடமும் அது இயங்கும் நிலையும் போதும். மின்னிழப்பே நோக்கம் என்றால், எந்த நுகர்வோர் எந்த மின்மாற்றியிலிருந்து மின்சாரம் பெறுகிறார் என்ற ஒரே தகவல் மற்ற எல்லாவற்றையும்விட மதிப்பு வாய்ந்தது.

இடத்தின் துல்லியத்திலும் இதே அளவுகோலைப் பின்பற்றலாம். மீட்டர் கணக்கெடுப்பவர் வீட்டைக் கண்டுபிடிக்கக் கைபேசியின் ஜி.பி.எஸ். தரும் சில மீட்டர் துல்லியம் போதும். ஆனால் இயந்திரம் கொண்டு தோண்டப்போகும் இடத்தில் அந்தப் பிழை ஆபத்தானது.

மூன்றாம் படி: நுகர்வோரை வலையமைப்போடு இணைத்தல்

மின் நிறுவனத்தில் பணம் மிக விரைவாகத் திரும்பி வரும் பணி எது என்று கேட்டால் நான் தயங்காமல் இதையே சொல்வேன். பொறியியல் பிரிவிடம் மின்மாற்றிகளின் பட்டியல் இருக்கும். வருவாய்ப் பிரிவிடம் நுகர்வோர் எண்களின் பட்டியல் இருக்கும். இரண்டையும் இணைக்கும் கண்ணி மட்டும் பல இடங்களில் அந்தப் பகுதியின் பழைய மின்பணியாளர் ஒருவரின் நினைவில்தான் இருக்கும். அவர் ஓய்வு பெறுவதற்குள் அதை முறைமைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும்.

செய்முறை எளிது, உழைப்புதான் மிகுதி. ஒரு ஃபீடரை, அதாவது துணை மின்நிலையத்திலிருந்து மின்மாற்றிகளுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் ஒரு மின்தடத்தை எடுத்துக்கொண்டு, துணை மின்நிலையத்தில் தொடங்கி ஒவ்வொரு மின்மாற்றியாக, அதிலிருந்து ஒவ்வொரு கம்பமாக, அங்கிருந்து ஒவ்வொரு வீட்டு இணைப்பாக நடந்தே சென்று, மீட்டரின் வரிசை எண்ணையும் நுகர்வோர் எண்ணையும் கம்பத்தின் எண்ணோடு சேர்த்துப் பதிய வேண்டும். இந்த நடையிலேயே மூன்று வகையான உண்மைகள் வெளிவரும்: மீட்டர் இருக்கிறது, ஆனால் கட்டணப் பதிவில் இல்லை; பதிவில் இருக்கிறது, ஆனால் தெருவில் இல்லை; இரண்டிலும் இருக்கிறது, ஆனால் வீட்டு இணைப்பாகப் பதிவான இடத்தில் வணிகம் நடக்கிறது. முதலாவதும் மூன்றாவதும் அடுத்த கட்டணச் சுற்றிலேயே வருவாயாக மாறக்கூடியவை என்பதால் அவற்றைத் தனிப் பட்டியலாக வருவாய்ப் பிரிவுக்கு உடனுக்குடன் அனுப்புங்கள். முழுக் கணக்கெடுப்பும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இணைப்பு முடிந்தபின், மின்மாற்றியில் உள்ள மீட்டர் காட்டும் அளவையும் அதன் கீழுள்ள நுகர்வோருக்குக் கட்டணம் விதிக்கப்பட்ட அளவையும் ஒப்பிட வேண்டும். கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முதல் மின்மாற்றியிலிருந்து ஒரு மாதத்தில் 50,000 யூனிட் சென்றுள்ளது. கட்டணம் விதிக்கப்பட்டது 38,000 யூனிட். இழப்பு 24 சதவீதம். அடுத்த தெருவில் உள்ள இரண்டாம் மின்மாற்றியிலிருந்து சென்றது 40,000 யூனிட். கட்டணம் விதிக்கப்பட்டதோ 42,000 யூனிட். அனுப்பியதைவிட அதிகமாக யாரும் பயன்படுத்தியிருக்க முடியாது. எனவே இரண்டாவதில் தெரியும் இந்த எதிர்மறை இழப்பு, சில இணைப்புகள் தவறான மின்மாற்றியின் பெயரில் பதிவாகியிருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது. களத்தில் சரிபார்த்து, மாதம் 7,000 யூனிட் பயன்படுத்தும் இணைப்புகளை முதலாவதுக்கு மாற்றினால், அதன் இழப்பு 10 சதவீதமாகவும் இரண்டாவதன் இழப்பு 12.5 சதவீதமாகவும் ஆகிவிடும். மொத்த இழப்பு மாறவில்லை. ஆனால் திருட்டைப் பிடிக்க முதல் தெருவுக்கு ஆய்வுக் குழுவை அனுப்பியிருந்தால் அந்த நாள் முழுவதும் வீணாகியிருக்கும், அங்குள்ள மக்கள் காரணமின்றிச் சந்தேகத்துக்கும் ஆளாகியிருப்பார்கள். எனவே எதிர்மறை இழப்பு காட்டும் மின்மாற்றிகளை முதலில் சரிசெய்துவிட்டு, அதன்பின்னும் இழப்பு உயர்ந்தே நிற்கும் மின்மாற்றிகளுக்கு மட்டும் குழுவை அனுப்புங்கள்.

ஒப்பிடும் காலமும் ஒன்றாக இருக்க வேண்டும். மின்மாற்றியின் அளவை மாதக் கடைசியிலும் வீடுகளின் அளவை வெவ்வேறு தேதிகளிலும் எடுத்தால், தேதி வேறுபாடே இழப்பாகத் தோன்றும். பல மாதங்களின் சராசரியைக் கொண்டு பார்த்தால் இந்தப் பிழை பெருமளவு அடங்கிவிடும்.

நான்காம் படி: இழந்த நீருக்குச் சரியான விலை வைத்தல்

குடிநீர் நிறுவனங்களில் உற்பத்தி செய்த நீருக்கும் கட்டணம் விதிக்கப்பட்ட நீருக்கும் இடையிலான வேறுபாடு வருவாய் ஈட்டாத நீர் எனப்படுகிறது. பன்னாட்டு நீர்ச் சங்கம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நீர்ச் சமநிலை அட்டவணை இதை மூன்றாகப் பிரிக்கிறது: குழாய்களிலும் தொட்டிகளிலும் கசியும் உண்மை இழப்பு; மீட்டர் பிழை, அனுமதியற்ற இணைப்பு, பதிவுத் தவறு ஆகியவற்றால் வரும் தோற்ற இழப்பு; தீயணைப்பு போன்றவற்றுக்கு அனுமதியோடு கட்டணமின்றித் தரப்படும் நீர்.

இந்தப் பிரிப்பு பணக்கணக்குக்கு மிகவும் முக்கியம். தோற்ற இழப்பு என்பது ஒருவர் ஏற்கெனவே பயன்படுத்திவிட்ட நீர். அதைப் பிடித்தால் விற்பனை விலையிலேயே வருவாய் வரும். கசியும் நீரை நிறுத்தினாலோ மிச்சமாவது அந்த நீரைச் சுத்திகரிக்கவும் ஏற்றி அனுப்பவும் ஆகும் மின்சாரம், வேதிப்பொருள் போன்ற மாறும் செலவு மட்டுமே. மிச்சமான நீரை வாங்க ஆட்கள் காத்திருக்கும் பற்றாக்குறைப் பகுதியில் மட்டும் அதற்கும் விற்பனை விலையை வைக்கலாம். புதியவர்கள் எழுதும் அறிக்கைகளில் எல்லாக் கசிவையும் விற்பனை விலையில் பெருக்கிப் பெரிய தொகையைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. நிதிப் பிரிவு அதைக் கண்டுபிடித்துவிட்டால் அறிக்கையில் சரியாக உள்ளவற்றின் மீதான நம்பிக்கையும் போய்விடும்.

இங்கே ஜி.ஐ.எஸ்.ஸின் பங்கு, வலையமைப்பைச் சில நூறு முதல் மூவாயிரம் வரையிலான இணைப்புகள் கொண்ட வலயங்களாகப் பிரித்து, எந்த வால்வுகளை மூடினால் ஒரு வலயம் தனித்து நிற்கும், நுழைவாயில் மீட்டரை எங்கே வைப்பது என்று முன்கூட்டியே காட்டுவது. நீர் வழங்கல் இடைவிடாமல் நடக்கும் பகுதிகளில், பெரும்பாலோர் உறங்கும் அதிகாலை 2 மணி முதல் 4 மணி வரை வலயத்துக்குள் நுழையும் நீரில் பெரும்பகுதி கசிவாகவே இருக்கும். அந்த அளவை வலயங்களுக்கிடையே ஒப்பிட்டால் கசிவைத் தேடும் குழு எந்தத் தெருவில் தொடங்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். நீரோட்டத்தையும் அழுத்தத்தையும் கணித்துப் பார்க்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உருவாக்கி இலவசமாக வழங்கும் எபாநெட் என்ற மென்பொருள் உள்ளது, ஜி.ஐ.எஸ்.ஸில் குழாய்களின் முனைகள் சரியாக ஒன்றோடொன்று தொட்டிருந்தால்தான் அந்தத் தரவை அதில் பயன்படுத்த முடியும்.

ஐந்தாம் படி: தோண்டும் பணியிலும் களப் பயணத்திலும் சேமித்தல்

பிரதான குழாய் உடைந்ததும் நீரை நிறுத்த எந்த வால்வுகளை மூட வேண்டும் என்பதை முறைமை சில நொடிகளில் பட்டியலிட்டுவிடும். ஆனால் களத்தில் அந்த வால்வின் மூடி, புதிதாகப் போட்ட தார் அடுக்குக்குக் கீழே மறைந்து கிடக்கும். ஊழியர்கள் அதைத் தேடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் நீர் வீணாகும். அதை விட்டுவிட்டு அடுத்த வால்வை மூடினால் தேவைக்கு அதிகமான தெருக்களுக்கு நீர் நிற்கும். வால்வின் சரியான இடத்தையும் அது கடைசியாக எப்போது இயக்கிப் பார்க்கப்பட்டது என்பதையும் பதிந்துவைத்தால் கிடைக்கும் சேமிப்பு, பழுதுக்கான வேலை நேரத்திலும் வீணான நீரின் அளவிலும் நேரடியாகத் தெரியும்.

நிலத்தடித் தகவலின் நம்பகத்தன்மைக்கு அமெரிக்கக் கட்டடப் பொறியாளர் சங்கம் 2002இல் நான்கு தர நிலைகளை வகுத்தது. பழைய ஆவணத்திலிருந்து எடுத்தது கடைநிலை. தரைமேல் தெரியும் மூடிகளையும் பெட்டிகளையும் அளந்து ஆவணத்தோடு ஒப்பிட்டது அடுத்தது. கருவிகளால் நிலத்தடியைக் கண்டறிந்தது அதற்கும் மேல். சிறு குழி தோண்டிக் கண்ணால் பார்த்து அளந்தது முதல்நிலை. ஒவ்வொரு குழாய்க்கும் கேபிளுக்கும் இந்தத் தர நிலையையும் ஒரு புலமாகச் சேர்த்துவிடுங்கள்; இல்லாவிட்டால் கணிப்பொறித் திரையில் எல்லாக் கோடுகளும் ஒரே நம்பிக்கையோடு காட்சி தரும். இந்தத் தர நிலைகள் வகுக்கப்படுவதற்கு முன்பே, இத்தகைய நிலத்தடி ஆய்வு செய்யப்பட்ட 71 நெடுஞ்சாலைத் திட்டங்களை ஆராய்ந்து பர்டியூ பல்கலைக்கழகம் 1999இல் அளித்த அறிக்கை, நிலத்தடி ஆய்வுக்குச் செலவான ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக 4.62 டாலர் மிச்சமானதாகக் கூறுகிறது. இந்த விகிதத்தை அப்படியே உங்கள் அறிக்கையில் பயன்படுத்தக் கூடாது. கடந்த ஆண்டுகளில் உங்கள் நிறுவனம் சேதங்களுக்காகச் செலவிட்ட உண்மைத் தொகையே உங்களுக்கான ஆதாரம்.

ஆறாம் படி: சொத்துப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்தல்

இந்தப் படியை நிதித் துறையினர் மிகவும் விரும்புவார்கள், பொறியாளர்கள் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. கணக்குப் பிரிவின் நிலையான சொத்துப் பதிவேட்டையும் ஜி.ஐ.எஸ்.ஸையும் ஒப்பிட்டால், பல ஆண்டுகளுக்கு முன்பே அகற்றப்பட்ட மின்மாற்றிக்கு இன்னும் தேய்மானமும் காப்பீட்டுத் தவணையும் கணக்கில் எழுதப்படுவது தெரியவரும். மறுபுறம், களத்தில் இயங்கும் சொத்து பதிவேட்டில் இல்லாமலும் இருக்கும். கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும் இடங்களில், அங்கீகரிக்கப்பட்ட சொத்தின் மதிப்பைக் கொண்டே நிறுவனத்துக்கான வருவாய் கணக்கிடப்படுவதுண்டு. அங்கெல்லாம் பதிவேட்டில் இல்லாத சொத்துக்கு நிறுவனம் செய்த முதலீடு திரும்பி வராது. பதிவேட்டில் மட்டும் உள்ள சொத்துக்காக வாங்கிய தொகையோ, தணிக்கையில் வெளிப்பட்டால் திருப்பித் தர நேரலாம்.

எந்தக் குழாயை எப்போது மாற்றுவது என்ற முடிவும் இதைச் சார்ந்ததே. வயது முதிர்ந்த குழாய் எல்லாமே உடைவதில்லை. பழுது வரலாறு, மண்ணின் தன்மை, குழாயின் பொருள் ஆகியவற்றைக் கொண்டு உடையும் வாய்ப்பையும், மருத்துவமனையோ பெருஞ்சாலையோ அருகில் உள்ளதா என்பதைக் கொண்டு விளைவையும் மதிப்பிட்டு, இரண்டையும் பெருக்கி வரிசைப்படுத்துங்கள். இதன்மூலம் ஒரு முதலீட்டை ஓராண்டு தள்ளிவைக்க முடிந்தால், அந்தத் தொகைக்கான ஓராண்டு மூலதனச் செலவே, அதாவது அதைத் திரட்ட ஆகும் வட்டி போன்ற செலவே, அதன் பயன். முழுத் தொகையையும் சேமிப்பாகக் காட்டக் கூடாது.

ஏழாம் படி: கணக்குப் போடுதல்

பயன்களை மூன்று பெட்டிகளில் பிரித்து எழுதுங்கள்: புதிதாக வந்த வருவாய், நின்றுபோன செலவு, இனி வரவிருந்து தவிர்க்கப்பட்ட செலவு. ஊழியர்களின் நேரம் மிச்சமானது என்பது தானாகப் பணமாகிவிடாது. மிகைநேர ஊதியம் குறைந்ததா, வெளி ஒப்பந்தம் ஒன்று நின்றதா, புதிதாக ஆள் எடுப்பது தவிர்க்கப்பட்டதா என்று காட்ட முடிந்தால் மட்டுமே அதைத் தொகையாக எழுதுங்கள். மற்றவற்றைத் தொகையின்றி விளக்கமாக எழுதுவதே நேர்மையானது. ஒரே பயனை இரண்டு பிரிவுகள் உரிமை கொண்டாடி இருமுறை எண்ணிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செலவுப் பக்கத்தில் கணக்கெடுப்பு, மென்பொருள், கருவிகள், பயிற்சி ஆகியவற்றோடு ஆண்டுதோறும் தரவைப் புதுப்பிக்கும் செலவையும் சேர்க்க வேண்டும். கியூஜிஐஎஸ், போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர்களுக்கு ஊதியம் உண்டு.

பிறகு நிகர தற்போதைய மதிப்பை, அதாவது வருங்கால வரவு செலவுகளை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டிக் கழித்த தொகையைக் கணக்கிடுங்கள். காலம் இதில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு: தொடக்க முதலீடு 100, ஆண்டுப் பராமரிப்பு 15, ஐந்து ஆண்டுகளில் வரும் பயன் முறையே 10, 35, 60, 60, 60 என வைத்துக்கொள்வோம். சாதாரணமாகக் கூட்டிக் கழித்தால் 50 மிஞ்சுகிறது. ஆண்டுக்கு 10 சதவீதத் தள்ளுபடி வீதத்தில் கணக்கிட்டாலோ மிஞ்சுவது ஏறக்குறைய 4.5 மட்டுமே. தரவுப் பணி தாமதமாகிப் பயன்கள் எல்லாம் ஓராண்டு தள்ளிப்போனால் அதே ஐந்தாண்டுக் கணக்கு ஏறக்குறைய 44 நட்டத்தைக் காட்டும். முழு வலையமைப்பையும் வரைந்து முடித்தபின் பயன்படுத்தத் தொடங்கலாம் என்ற திட்டத்தை நான் எப்போதும் எதிர்ப்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

எட்டாம் படி: ஒரு பகுதியில் செய்து பார்த்தல்

ஒரு ஃபீடரையோ ஒரு நீர் வலயத்தையோ தேர்ந்தெடுத்து மேற்சொன்னவற்றைச் செயல்படுத்துங்கள். ஏறக்குறைய அதேபோன்ற இன்னொரு பகுதியை எதையும் மாற்றாமல் ஒப்பீட்டுக்காக வைத்துக்கொள்ளுங்கள். வெயில் கூடியதாலோ மழை பெய்ததாலோ கட்டணம் உயர்ந்ததாலோ ஏற்பட்ட மாற்றத்தை, உங்கள் பணியால் ஏற்பட்ட மாற்றத்திலிருந்து பிரித்துக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை.

சோதனைக் காலத்திலேயே தரவைப் புதுப்பிக்கும் ஒழுங்கையும் நிலைநாட்ட வேண்டும். புதிய இணைப்பு தருவது, மின்மாற்றியை மாற்றுவது, குழாய் பதிப்பது ஆகிய எந்தப் பணி முடிந்தாலும், களத்தில் உண்மையில் அமைந்த நிலையைக் காட்டும் வரைபடத்தை ஒப்பந்ததாரர் தந்து, அது ஜி.ஐ.எஸ்.ஸில் ஏறிய பின்னரே இறுதிப் பட்டியலுக்குப் பணம் வழங்கப்படும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பணி முடிந்த நாளுக்கும் அது முறைமையில் பதிவான நாளுக்கும் இடையே எத்தனை நாட்கள் ஆகின்றன என்பதை மாதந்தோறும் அளந்து மேலாளருக்கு அனுப்புங்கள். அந்த இடைவெளி வளரத் தொடங்கினால் களப் பணியாளர்கள் வரைபடத்தை நம்புவதை நிறுத்திவிட்டுப் பழையபடி நினைவிலிருந்தே வேலை செய்யத் தொடங்குவார்கள். அந்த நாளிலிருந்து செலவு தொடரும், பயன் நின்றுவிடும்.

ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து, தொடக்க அளவில் கையொப்பமிட்ட அதே நிதி அலுவலரை அழைத்து, அதே முறையில் மீண்டும் அளந்து, இரு பகுதிகளின் எண்களையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். வேறுபாடு தெளிவாக இருந்தால் அதை அவர் பெயரிலேயே நிர்வாகக் குழுவுக்கு அனுப்பி அடுத்த பகுதிக்கான நிதியைக் கேளுங்கள். வேறுபாடு இல்லாவிட்டால், விரிவாக்கத்தைத் தொடங்கும் முன், எந்த முடிவு மாறியிருக்க வேண்டும், அது ஏன் மாறவில்லை என்று அந்த முடிவை எடுக்க வேண்டியவரிடமே நேரில் சென்று கேளுங்கள்.